டூப்பு கம்ப்யூட்டரும் ஈரமில்லாத நெல்லும்

இந்தப் புரட்டாசித் தொடக்கத்தில் திருக்கடையூரில் என் கொழுந்தனாருக்கு அறுபதாம் கல்யாணம். தம்பதியை உட்காரவைத்துக் கலசத் தண்ணீரை உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்தது என் முறை. அந்த நேரம் பார்த்துக் கைப்பையில் போன் அதிர்ந்தது. எடுக்காமல் இருந்திருக்கலாம். எனக்கு அப்படியெல்லாம் இருக்க வராது.

அனுப்பியது ஹரி. நான் ஓய்வு பெற்ற பிறகு நெல் ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிற பையன். "மேடம், எமுலேட்டர் புது வெர்ஷன் போட்டுப் பத்து நாள் ஆச்சு. சூப்பரா ஓடுது. தெரிந்த குறைகள் பக்கம்கூடப் பாதியாக் குறைஞ்சிடுச்சு, பாருங்க" என்று எழுதி, அந்தப் பக்கத்தின் படத்தையும் வைத்திருந்தான். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். நான் தேடிய ஒன்று அதில் இல்லை.

"நேரம் விட்டதைப் பிடிக்கிற கோளாறு இருந்ததே, அது சரியாயிடுச்சா?" என்று கேட்டேன்.

"ரொம்ப வருஷமா அதைப் பத்தி யாரும் புகார் சொல்லலையாம் மேடம். அதனால எடுத்துட்டாங்க" என்று பதில் வந்தது.

புகார் இல்லை, ஆகவே குறையும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கொழுந்தனார் தலையில் ஊற்ற வேண்டிய தண்ணீரில் பாதியை என் பட்டுப்புடவையிலேயே ஊற்றிக்கொண்டேன். "அண்ணி ஆசீர்வாதத்தைத் தனக்கே பண்ணிக்கிறாங்க" என்று யாரோ கேலி செய்தார்கள். சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் மயிலாடுதுறை பஸ்ஸைப் பிடித்தேன். என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர், அமைதியான மனிதர். "இலை போட்டுட்டாங்க, இப்பப் போய் எங்க?" என்றார். "நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு கம்ப்யூட்டர் கோளாறுக்காகக் கல்யாணச் சாப்பாட்டை விட்டு ஓடுகிறவளைப் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கோளாறு என்ன செய்தது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

என் பெயர் மங்கையர்க்கரசி. ஆலையில் மங்கை மேடம். தஞ்சாவூரில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தது, ஒரு டிவி ரிப்பேர்க் கடையில் கையைச் சுட்டுக்கொண்டது, கோயம்புத்தூரில் பயிற்சி என்ற பெயரில் விடுதிச் சாம்பாரைச் சகித்துக்கொண்டது, இவ்வளவுதான் என் ஆரம்பக் கதை. அதற்குப் பிறகு குடவாசலுக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருந்த ஒரு தனியார் நெல் ஆலையில் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்தது.

நான் சேர்ந்தபோது ஆலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. நெல் உலர்த்தும் நிலையத்தோடு சேர்ந்து வந்த தகரப் பெட்டி. திரையில் பச்சை எழுத்து. விவசாயி கொண்டுவரும் நெல்லில் எவ்வளவு ஈரம் என்று அளந்து சொல்வது, எந்த ரக நெல்லை எவ்வளவு சூட்டில் உலர்த்துவது என்று முடிவு செய்வது, சீட்டு அச்சடிப்பது, எல்லாம் அதன் வேலை. அதை விற்ற கம்பெனி எப்போதோ மூடப்பட்டுவிட்டது. உள்ளே ஓடும் புரோகிராம் சில்லுகளுக்குள் புதைந்திருந்தது. அதை எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது. பெட்டிக்கு ஏதாவது வந்தால் நான் சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, பழைய சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு வருவேன்.

என் மேலதிகாரி நடராஜன் சார், ஆலையின் தலைமை எஞ்சினியர். அரைக்கைச் சட்டை, சத்தம் போடாத குரல். தனக்குக் கீழே வேலை பார்க்கும் எவரையும் நீங்க என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார், அவ்வளவுதான். ஆனால் அவர் துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு ஓடுவோம்.

அவர் அகராதியில் பிடிக்காத சொல் 'தெரிஞ்ச கோளாறு'. நான் சேர்ந்த புதிதில் எடைமேடைச் சீட்டில் கடைசி வரி அச்சாகாமல் பிரிண்டருக்குள்ளேயே நிற்கும். அடுத்த சீட்டு அச்சடிக்கும்போதுதான் வெளியே வரும். "அது தெரிஞ்ச கோளாறுதான் சார்" என்று சொன்னேன்.

"தெரியும்னா, என்ன தெரியும்?" என்று கேட்டார்.

கோளாறு எதுவானாலும் மூன்று வரி எழுதிக் காட்ட வேண்டும் என்பது அவர் முறை. என்ன ஆகிறது. எப்போது ஆகிறது. யார் தலையில் விடியும். முதல் இரண்டை நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். மூன்றாவது வந்தால் பேனா நின்றுவிடும். அன்றைக்கு 'யாருக்கும் பாதிப்பில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் என்னை எடைமேடைக்கு அழைத்துப் போனார். உச்சி வெயிலில் ஒரு லாரி டிரைவர் நின்றுகொண்டிருந்தார். நிகர எடை கடைசி வரியில் இருக்கிறது, அது இல்லாமல் அவரால் கிளம்ப முடியாது. அடுத்த லாரி வந்து எடை போட்டால்தான் இவர் சீட்டு கிழியும்.

"அவரைக் கேளுங்க, யாருக்கும் பாதிப்பில்லையான்னு" என்றார் சார்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நல்ல கோபமும் வந்தது. இதை வாயால் சொன்னால் போதாதா, வெயிலில் நடக்கவைக்க வேண்டுமா என்று அந்த வாரம் முழுக்க மனசுக்குள் திட்டினேன். பிறகு ஒவ்வொரு கோளாறுக்கும் நானே அந்த மூன்றாவது வரியைத் தேடித் திரிய ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பழக்கம் இன்றைக்கும் தொலையவில்லை. வீட்டில் மிக்ஸி மக்கர் செய்தால்கூட யார் தலையில் விடியும் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். என் தலையில்தான்.

தகரப் பெட்டிக்குக் கடைசிக் காலம் வந்தது. ரிச்சி தெருவிலும் சாமான் கிடைக்கவில்லை. புது நிலையம் வாங்கப் பெரிய முதலாளிக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் இணையத்தில் அந்த எமுலேட்டர் கிடைத்தது. புது கம்ப்யூட்டரைப் பழைய கம்ப்யூட்டர் போல நடிக்கவைக்கிற புரோகிராம் அது. சில்லுகளுக்குள் இருப்பதைப் படித்து எடுத்து இதற்குள் ஓடவிட்டால், தான் இன்னும் பழைய தகரப் பெட்டிக்குள்தான் இருக்கிறோம் என்று அது நம்பிக்கொண்டே வேலை செய்யும்.

ஈரம் பார்க்கும் மேசையில் இருந்த கலியபெருமாளுக்கு இதை விளக்க வேண்டியிருந்தது. "சினிமாவுல ஹீரோவுக்குப் பதிலா மாடியிலேர்ந்து குதிக்கிறவர் இருக்காருல்ல, டூப்பு, அதுமாதிரி" என்றேன்.

"அப்ப இது டூப்பு கம்ப்யூட்டர்னு சொல்லுங்க" என்றார் கலியபெருமாள்.

மறுநாளே களம் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. சின்ன முதலாளிக்கு, அதாவது பெரியவரின் மகனுக்கு, ரத்தம் கொதித்தது. "டூப்புன்னா ஜனங்க டூப்ளிகேட்டுன்னு நினைப்பாங்க. டூப்பு விடுற மிஷின்ல எவன் நெல்லை அளக்க விடுவான்? இனிமே அந்த வார்த்தை யார் வாயிலேயும் வரக் கூடாது" என்று உத்தரவு போட்டார். உத்தரவு போட்டபின் அதுவரை கேள்விப்படாதவர்களும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டார்கள்.

எமுலேட்டரோடு ஒரு பக்கம் வந்தது. தெரிந்த குறைகளும் எல்லைகளும் என்று தலைப்பு. எழுதியவர் எங்கோ வெளிநாட்டில் இருந்த, முகம் தெரியாத ஒருவர். உழைத்து உருவாக்கியதை இலவசமாகக் கொடுத்துவிட்டு, தன் பிள்ளைக்கு என்னென்ன வராது என்று பெண் வீட்டில் தானே சொல்லும் தகப்பன் மாதிரி ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. நான் அந்தப் பக்கத்தைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு குறைக்கும் கீழே சாரின் மூன்று வரிகளையும் சேர்த்து, ஈர மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன்.

ஒலி வராது என்பது ஒரு குறை. அதற்கு மூன்றாவது வரி சுலபமாகக் கிடைத்தது. பழைய பெட்டி அளந்து முடித்ததும் ஒரு சத்தம் போடும். கலியபெருமாள் விவசாயிகளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே, காதை மட்டும் அதன்மேல் வைத்துக்கொண்டு, சத்தம் வந்ததும் குவளையைக் கவிழ்ப்பார். சத்தம் போன பிறகு பாதி அளவிலேயே கவிழ்த்துவிட்டு முழித்தார். அவர் தலையில் விடிந்தது. கும்பகோணத்தில் ஒரு காலிங்பெல் வாங்கி வந்து இணைத்தேன். கடையில் இருந்தது குருவி மாதிரி கூவுகிற ஒன்றுதான். அன்றிலிருந்து நெல் அளந்து முடித்தால் மேசையில் குருவி கூவும். "குருவி கூவிடுச்சா?" என்று கேட்பது களத்து வழக்காகிவிட்டது.

இன்னொரு குறைதான் இந்தக் கதையின் வில்லன். கம்ப்யூட்டர் வேறு வேலையில் சிக்கிக்கொண்டால் எமுலேட்டரின் நேரம் பின்தங்கும், பிறகு விட்டதைப் பிடிப்பதற்காகக் கொஞ்ச நேரம் வேகமாக ஓடும் என்று எழுதியிருந்தது. இதில் யார் தலையில் என்ன விடியும் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத மனசு வராமல் மூன்றாவது வரியைக் காலியாக விட்டேன்.

சார் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. "காலியாவே இருக்கட்டும். ஆனா தினம் கண்ணுல படட்டும்" என்றார்.

கோடையில் நிதானமாக வைத்துச் சோதித்தோம். பழைய பெட்டியும் புதியதும் ஒரே குவளை நெல்லுக்கு ஒரே அளவைச் சொல்லின. பழையதை மூலையில் போட்டு மூடினோம்.

பிறகு குறுவை அறுவடை வந்தது. புரட்டாசிக் குறுவை என்றால் டெல்டாவில் எல்லோருக்கும் ஒரு கண் வயலிலும் ஒரு கண் வானத்திலும்தான் இருக்கும். நெல்லை அறுத்து வைத்துவிட்டு மழைக்கு முந்திக்கொள்ள வேண்டும். ஆலையின் களத்தில் டிராக்டர்கள் வாசல் தாண்டி ரோடு வரை நின்றன. அந்த வரிசையில் வந்தவர்தான் வசந்தா.

வசந்தா குத்தகைக்குப் பயிர் வைப்பவர். கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. நடவிலிருந்து அறுப்பு வரை எல்லாவற்றையும் வசந்தாதான் பார்த்தார். நிலம் அடுத்தவருடையது, ஆகவே விளைச்சல் ஒரு போகம் கெட்டாலும் குத்தகை கைவிட்டுப் போகும். கலியபெருமாள் குத்தூசியைச் சாக்கில் குத்திக் கொஞ்சம் நெல் எடுத்துக் குவளையில் போட்டார். குருவி கூவியது. ஈரம் இருபது சதவீதம் என்று காட்டியது. ஆலையின் வரம்பு பதினேழு.

"ஈரம்மா. காயவெச்சுட்டு வாங்க" என்றார் கலியபெருமாள்.

"ஈரமா? கடிச்சுப் பாருங்கண்ணே" என்று வசந்தா கையில் நெல்லை நீட்டினார். காய்ந்த நெல்லைக் கடித்தால் டக்கென்று முறியும். ஈர நெல் நசுங்கும். கலியபெருமாள் கடித்தார். டக்கென்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

"காஞ்சிருக்கற மாதிரிதாம்மா இருக்கு. மிஷின் இருபதுங்குதே, நான் என்ன பண்றது?"

வசந்தா வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்த் தார் ரோட்டில் நெல்லைப் பரப்பிக் காயவைத்தார். மறுநாள் மீண்டும் வந்தார். மீண்டும் அதே இருபது. இந்த முறை வசந்தா திரும்பிப் போகவில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நேராக என்னிடம் வந்து நின்றார்.

"பெரிய பண்ணைக்குப் பின்னாடி நின்னா எங்க நெல்லு மட்டும் ஈரமாயிடுமா மேடம்?"

பெரிய பண்ணை என்பது அந்தப் பக்கத்துப் பெரிய நிலக்காரர் குடும்பம். அவர்கள் நெல் வந்தால் ஆலையே எழுந்து நிற்கும். பக்கத்தில் இருந்த சின்ன முதலாளி சிரித்துவிட்டார். "நெல்லுக்கு ஆளு பார்க்கத் தெரியுமாம்மா?"

"நெல்லுக்குத் தெரியாதுங்க. உங்க டூப்பு கம்ப்யூட்டருக்குத் தெரியும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் ஆள் பார்த்து அளக்கிறேன் என்றுதானே இந்தம்மா சொல்கிறார்? "மிஷின் யாருக்கும் பாரபட்சம் பார்க்காதுங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கேண்டீனுக்குப் போனேன். டீ வாங்கினேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். டக்கென்ற அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பி ஓடினேன்.

"வசந்தா, நேத்தும் நீங்க பெரிய பண்ணைக்குப் பின்னாடிதான் நின்னீங்களா?"

"ஆமா மேடம். அவங்க வண்டி முடியறவரைக்கும் எங்களை யாரு உள்ள விட்டாங்க?"

சுவரில் ஒட்டியிருந்த பக்கத்தில் காலியாக இருந்த வரி என் கண்ணுக்குள் வந்து நின்றது.

நடந்தது இதுதான். ஒவ்வொரு குவளைக்கும் ஈரம் அளக்கும் கருவிக்கு மின்சாரம் கொடுத்ததும் அளவு உயரப் போய்விட்டு, மெல்ல இறங்கி, உண்மையான இடத்தில் நிற்கும். அது இறங்கும்வரை பழைய புரோகிராம் ஒன்று, இரண்டு என்று சும்மா எண்ணிக்கொண்டு காத்திருக்கும். எண்ணி முடித்தபின் அளவைப் படிக்கும். எமுலேட்டரும் அப்படியே நிதானமாக எண்ணியது, ஒரு சமயத்தைத் தவிர. நீளமான சீட்டு அச்சாகும்போது கம்ப்யூட்டர் பிரிண்டருக்காகத் தேங்கி நிற்கும், நேரம் பின்தங்கும். அச்சு முடிந்ததும் விட்டதைப் பிடிக்க ஓடும். கும்பகோணம் ரூட்டில் தனியார் பஸ் ஒரு நிறுத்தத்தில் தாமதமாகிவிட்டால் அடுத்த ஊர்களில் ஆளை ஏற்றாமல் பறக்குமே, அந்த மாதிரி. அந்த ஓட்டத்தில் அடுத்த குவளையை வைத்தால் எண்ணிக்கை இமைக்கிற நேரத்தில் முடிந்துவிடும். அளவு கீழே இறங்குவதற்கு முன்பே படித்துவிடும். காய்ந்த நெல் ஈரமாகிவிடும்.

நீளமான சீட்டு யாருக்கு அச்சாகும்? பெரிய பண்ணைக்கு. அண்ணன், தம்பி, மகன், மருமகன் என்று ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனி வரி. சின்ன விவசாயிக்கு இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆக, பெரிய பண்ணைக்கு அடுத்து நிற்கிறவர் நெல் மட்டும் ஈரம். வசந்தா வயிற்றெரிச்சலில் சொன்ன வார்த்தை எழுத்துக்கு எழுத்து உண்மை.

"அளக்கறதை நிறுத்துங்க கலியபெருமாள்" என்றேன்.

சின்ன முதலாளி ஓடி வந்தார். "மேடம், மழை வருது, ரோடு வரைக்கும் வண்டி நிக்குது. இப்பப் போயி நிறுத்தறேங்கறீங்க? உங்களுக்கு என்ன ஆச்சு?"

"தப்பா அளக்குது சார்."

"கோடையில நீங்கதானே சரியா இருக்குன்னு சொன்னீங்க?"

அதற்குள் நடராஜன் சார் வந்துவிட்டார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நான் சொல்வது சரியா தவறா என்று அவருக்கு அந்த நிமிஷம் தெரியாது, அது முகத்திலேயே தெரிந்தது. சின்ன முதலாளியிடம், "மிஷினை நான் நிறுத்தச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு வரிசைக்கு முன்னால் போய் நின்று, "மிஷினுக்கு உடம்பு சரியில்லீங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று கைகூப்பினார். அவர் கைகூப்பி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

வசந்தாவின் நெல்லை ஒரு குவளை எடுத்து நிதானமாக அளந்தோம். பதினாறு. அதே குவளையை அப்படியே வைத்துக்கொண்டு, பெரிய பண்ணையின் சீட்டை மறுபடி அச்சடிக்கக் கொடுத்தேன். பிரிண்டர் டர்ரென்று ஓடி நின்றது. "வைங்க!" என்று கத்தினேன். கலியபெருமாள் வைத்தார். குருவி வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கூவியது. இருபது.

சின்ன முதலாளி வானத்தைப் பார்த்தார்.

எமுலேட்டரில் விட்டதைப் பிடிக்காமல் இருக்க ஒரு வசதி இருந்தது, திரையில் ஒரு கட்டத்துக்குள் டிக் போட்டால் போதும். போட்டேன். மறுபடி சோதித்தேன், பதினாறு. வசந்தாவின் வண்டி கொட்டகைக்குள் நுழையவும் முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது. பின்சாக்குகள் கொஞ்சம் நனைந்தன, மற்றது தப்பியது. ஆனால் அந்த வாரம் வசந்தாவைப் போல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? எத்தனை வீட்டில் காய்ந்த நெல் வாசலில் கிடந்து, நனைந்து, முளைவிட்டது? யாரிடம் போய்க் கேட்பது? அந்த மழைச் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை. கம்ப்யூட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

களத்து மைக்கில் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றார் நடராஜன் சார். சின்ன முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "சொன்னா டூப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் சார். அதான் சரி பண்ணியாச்சுல்ல?" சார் கண்ணாடியைக் கழற்றினார், வெகு நேரம் துடைத்தார், போட்டுக்கொண்டார். சுவரில் ஒட்டியிருந்த பக்கத்தையும் அந்த வாரமே கிழித்துவிட்டார்கள். சார் ஓய்வு பெற்றார். பல வருஷம் கழித்து நானும் பெற்றேன். டிக் மட்டும் கட்டத்தில் இருந்தது. ஹரி புது வெர்ஷன் போட்டு அந்த டிக்கும் போகும்வரை.

திருக்கடையூரிலிருந்து கிளம்பியவள் கும்பகோணத்தில் என் வீட்டுக்குப் போய், டப்பாவில் இருந்த போன வருஷத்து நெல்லை ஒரு தூக்குச் சட்டியில் அள்ளிக்கொண்டேன். அப்பளம் மாதிரிக் காய்ந்த நெல். நனைந்து காய்ந்த பட்டுப்புடவையோடு குடவாசல் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஹரிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அறுவடைக் காலத்தில் எப்படி எடுப்பான்?

ஆலைக்குள் நுழைந்ததும் பார்த்தது பெரிய பண்ணையின் டிராக்டரைத்தான். இப்போது அவர்கள் மகன் காலம். மேசையில் அவர்கள் நெல்லை அளந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. அதற்கும் பின்னால்தான் வரிசை. வானம் இருட்டியிருந்தும் யாரும் முன்னேறவில்லை. சிலர் டீ குடித்தார்கள், சிலர் இல்லாத தூசியைத் தட்டினார்கள்.

"ஏன் ஹரி, அங்க யாருமே போகலை?" என்று என்னைப் பார்த்து ஓடி வந்தவனிடம் கேட்டேன்.

"அது மரியாதை மேடம். பெரிய பண்ணை அளந்து போனப்புறம் கொஞ்சம் விட்டுத்தான் அடுத்தவங்க வருவாங்க. இங்க அப்படி ஒரு வழக்கம்" என்றான்.

நான் தூக்கை எடுத்துக்கொண்டு அந்தக் காலி இடத்துக்கு நடந்தேன். வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மேடம்! அங்க நிக்காதீங்க!"

வசந்தா. தலையில் நரை, குரல் மட்டும் அதே குரல். டிராக்டரிலிருந்து இறங்கி வேகமாக வந்தார். "அங்க நின்னா ஈரம்னு போட்டுடும் மேடம். உங்களுக்குத் தெரியாததா?"

பிரிண்டர் டர்ரென்று ஓடியது. அண்ணன், தம்பி, மகன், மருமகன், இப்போது பேரனும் சேர்ந்திருந்தான். அது நின்றதும் என் தூக்கில் இருந்ததைக் குவளையில் கொட்டி வைத்தேன். குருவி அவசரமாகக் கூவியது. இருபத்தொன்று.

ஹரியின் கையில் நாலு நெல்லைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னேன். டக்கென்று முறிந்தது. அவன் மீதி மூன்றையும் கடித்துப் பார்த்தான். "ஆனா மேடம், இத்தனை வருஷமா ஒரு புகார்கூட வரலையே?"

"நாங்கதான் அந்த எடத்துல நிக்கிறதே இல்லையே தம்பி" என்றார் வசந்தா.

அன்று நெல்லை மறுபடி அளந்ததை வசந்தா பார்த்தார், ஆனால் நான் டிக் போட்டுச் சரிசெய்தது அவர்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் சரியாக அளந்த மிஷினுக்கு முன்னாலும் அவர்கள் அந்த இடத்தை விட்டே நின்றிருக்கிறார்கள். இப்போது கோளாறு திரும்பி வந்தபோதும் விட்டு நின்றார்கள். அதனால் புகார் இல்லை. புகார் இல்லாததால் பக்கத்தில் குறையே இல்லை.

"புதுசா வர்றவங்க?" என்று கேட்டேன்.

"போன வாரம் ஒரத்தநாட்டுப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் வந்தாருங்க. நாங்க சொல்றதுக்குள்ள போயி நின்னுட்டாரு. ஈரம்னுட்டாங்க. மறுநா கொட்டின மழைதான் உங்களுக்குத் தெரியுமே."

டிக்கை நானே போட்டேன். எமுலேட்டரை எழுதியவருக்கு என்ன அனுப்புவது என்று ஹரி கேட்டான். சாரின் மூன்று வரிகளைச் சொன்னேன். நேரம் விட்டதைப் பிடிக்க ஓடுகிறது. நீளமாக அச்சடித்த உடனே ஓடுகிறது. தெரியாமல் வந்து நிற்பவர் தலையில் விடிகிறது. ஹரி ஒவ்வொன்றாகத் தட்டினான்.

பிறகு களத்து மைக்கை வாங்கினேன். எனக்கு வேலை கொடுக்கவோ பிடுங்கவோ இனி அங்கே யாராலும் முடியாது. அன்று சொல்லாமல் விட்டதையும் இன்று நடந்ததையும் மூச்சுவிடாமல் சொன்னேன். டூப்பு என்ற சொல்லையும் சேர்த்தே சொன்னேன். "இப்ப சரி பண்ணியாச்சுங்க. பெரிய பண்ணைக்குப் பின்னாடி தாராளமா நிக்கலாம், வாங்க" என்றேன்.

எல்லோரும் கேட்டார்கள். ஒருவரும் நகரவில்லை.

வசந்தா என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார். "நீங்க சொல்றதை நம்பறேன் மேடம். ஆனா நீங்க போனப்புறம் மறுபடியும் மாத்திட்டாங்கன்னா?"

டிக்கைக் காட்டலாம், அதை எவரும் எடுத்துவிடலாம். அதுதானே நடந்தது? தூக்கில் மிச்சமிருந்த நெல்லைப் பார்த்தேன்.

"நான் வந்து நிக்கிறேன் வசந்தா" என்றேன்.

அப்படித்தான் இந்த அறுவடை முழுக்கப் போய்க்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் பஸ் நிறுத்தம் வரை வந்து குடையைக் கையில் திணித்துவிட்டுப் போகிறார். பெரிய பண்ணையின் டிராக்டர் மேசையை விட்டு நகர்ந்ததும், தூக்கோடு போய் அந்தக் காலி இடத்தில் நான் நிற்கிறேன். குருவி கூவுகிறது. நான் எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பித் தலையாட்டிய பிறகுதான் வசந்தா வண்டியைக் கிளப்புகிறார்.